மூன்றாம் மாடியில் ஆள் உண்டு

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கறார் வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வந்தபோது, அவர் வீட்டுக் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. 'இவ்வீட்டில் எவரும் வசிக்கவில்லை எனத் தெரிய வருகிறது' என்பது அதன் முதல் வரி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தவர், அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருப்பவர். யாரோ கதவு மாறி ஒட்டிவிட்டார்கள், அறிவு கெட்டவர்கள் என்று திட்டிவிட்டுக் கிழித்துப் போடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அந்த வாசகத்தைக் காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

கறார் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் வைத்த பெயர். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிற வேலை. மற்றவர்கள் வெயில் ஏறினால் டீக்கடையில் உட்கார்ந்து, போன தடவை என்ன எழுதினோம் என்று பார்த்து, அதையொட்டி ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வருவார்கள். இவர் மாட்டார். மீட்டர் பெட்டிக்குள் பல்லி குடும்பம் நடத்தினாலும் சரி, மூடி துருப்பிடித்து அசைய மறுத்தாலும் சரி, மண்டி போட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்து, கண்ணால் பார்த்த எண்ணைத்தான் எழுதுவார். ஒரு தடவை நாய் கடித்தது. கடிபட்ட காலோடு ரீடிங்கை எழுதி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனுஷன் அப்படி.

மீட்டரைப் பார்த்தே அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவார். இந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, இந்த வீட்டில் விருந்தாளி வந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார், இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, அந்தம்மா அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும். "மனுஷன் வாயால ஆயிரம் சொல்லுவான். குழாயைத் திறக்காம எத்தனை நாள் இருப்பான்?" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும், பார்க்கச் சகிக்காது.

அந்த மஞ்சள் தாளுக்குப் பின்னால் இருக்கிற விதியும் அவருடைய பெருமைகளில் ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலி வீட்டில் குழாய் வெடித்து, மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் நான்கு மாடிக்கும் தண்ணீர் இறங்கிவிட்டது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று சூப்பர்வைசர் கேட்டார். கறார் அடுத்த நாளே இரண்டு பக்கம் எழுதி நீட்டினார். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். ஆளுக்கு இரண்டு யூனிட்டாவது ஓடியிருக்க வேண்டும். பதிவில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் அந்த அளவு. தொடர்ந்து மூன்று தடவை அதற்குக் கீழே போனால் அது ஆளில்லா வீடு. நோட்டீஸ் ஒட்டு. பதினைந்து நாள் பார். பிறகு இணைப்பைத் துண்டி.

"ஏங்க, உள்ள நிஜமாவே ஒரு ஆள் இருந்து, நாம தண்ணியை நிறுத்திட்டா பாவமில்லையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"இருந்தா அக்கம்பக்கத்துல ரெண்டு பேருக்குத் தெரியாமலா போயிடும்? அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வரட்டும்."

"மீட்டர் மறுபடி ஓடினாலே போதும்னு வெச்சா என்ன?"

"நல்லாச் சொன்னீங்க! குழாயைத் திறந்து விட்டுட்டு ஊருக்குப் போயிடுவானுங்க. கையெழுத்துதான் சரி."

அந்தப் படிவத்தையும் அவரே வரைந்தார். அக்கம்பக்கத்தார் இருவர். 'இவ்வீட்டில் ஆள் இருப்பதை எப்படி அறிவீர்கள்? நீங்களாகக் கண்டதை, கேட்டதை மட்டும் எழுதவும்.' நோட்டீஸில் பெயர் போட வேண்டாம், பெயரைப் பார்த்தால் ஒட்டுகிறவருக்குக் கை தயங்கும், இணைப்பு எண் போதும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்தக் கைதான் இப்போது தயங்காமல் அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.

மீட்டர் படிப்பவர் தன் தெருவைத் தானே படிக்கக் கூடாது என்பது ஆபீஸ் ஒழுங்கு. இந்தத் தெருவை இத்தனை வருஷம் படித்தவர் கறாரின் சிநேகிதர். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. அவர் போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இடத்துக்கு வந்திருப்பது ஒரு புதுப் பெண். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தபோது, "முகத்தைப் பாக்காதே, எண்ணைப் பாரு" என்று நாலு பேர் முன்னால் அவளிடம் சொன்னது யார்? இவரேதான்.

தாளை ஓரம் கிழியாமல் உரித்து உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்துப் படித்தார். கடைசி மூன்று ரீடிங்குகள்: மூன்று, இரண்டு, மூன்று. பதிவில் வசிப்போர்: இரண்டு பேர். அந்த வரிக்கு வந்ததும் அவர் கண் அவசரமாக அடுத்த வரிக்குத் தாவியது. பார்த்ததை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள், அதை மட்டும் ஒரு தடவைகூட முழுசாகப் படிக்கவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்த்தார். சமையலறைத் தொட்டி வெள்ளை பூத்துக் காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. காலையில் எழுந்து முகம் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். குளியல் ஆபீஸ் குளியலறையில். மூன்று வேளையும் ஆபீஸ் கேன்டீன், இல்லாவிட்டால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடை. துணி சலவைக் கடையில். இங்கே படுக்கை, செருப்பு, சட்டை மாட்டுகிற கொக்கி. இது வீடா என்று வேறொருவர் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது அவரேதான் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தன் இணைப்பு எண்ணைத் தட்டினார். பத்தொன்பது வருஷ ரீடிங்கும் வரிசையாக வந்து நின்றது. இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபத்தேழு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாலைந்து குறைந்து, அப்புறம் எப்படியோ பழைய உயரத்துக்கே ஏறியிருந்தது. அது அவர் மனைவியின் கைங்கரியம். அந்தம்மா தண்ணீரில் குடும்பம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திரைச்சீலை, மெத்தையுறை, கால்மிதி எல்லாம் வாளிக்குள் போகும். மாடிப்படியை மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரைக்கும் கழுவிவிடுவார். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவில்லை, கழுவுவார். குளிக்கப் போனால் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பாடுவார். கறார் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்துவார்.

"அடியே, தண்ணியை மூடு! ஊருக்கெல்லாம் நான் சிக்கனம் சொல்றேன், என் வீட்டு மீட்டர் இங்க பறக்குது. மானம் போகுதுடி!"

அதற்கு உள்ளேயிருந்து ஒரு பாட்டு வரும். அந்தம்மாவே கட்டிய பாட்டு. அதற்கு மெட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"ஓடட்டும் ஓடட்டும் மீட்டரு,
ஓரமா நிக்கட்டும் ஆபீசரு!"

கறாருக்குச் சுள்ளென்று வரும். பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். பத்து நிமிஷம் கழித்து ஈரத் தலையோடு வந்து, "ஆபீசருக்கு டீ வேணுமா, வேணாமா?" என்று கேட்டால் வேண்டும் என்பார். பதினாறு வருஷம் இப்படியே போனது. அதற்குப் பெயர் சந்தோஷம் என்று அப்போது யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

திரையில் அடுத்த வரி முப்பத்தொன்பது. அது அந்தம்மா படுக்கையில் கிடந்த காலம். விரிப்பு மாற்றி மாற்றித் துவைத்தது. அதற்கடுத்து ஆஸ்பத்திரியிலேயே இருந்த இரண்டு மாதம், எட்டு. ஆபீஸில் குளித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் அப்போது வந்ததுதான். பிறகு ஐந்து. பிறகு மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. மூன்று வருஷமாக அதேதான். வேறு யார் வீட்டு எண்ணாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்: இந்த வீட்டில் ஒருத்தர் போய்விட்டார், இன்னொருத்தர் இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். முப்பது வருஷம் ஊரார் வீட்டை எல்லாம் படித்தவர் இதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் திரையை மூடினார்.

எதிர்வீட்டில் இருப்பவர் நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முறை வேலை. புருஷன் வெளியூர் வேலைக்காரர், பிள்ளைகள் ஹாஸ்டலில். வெள்ளிக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து அவர் படியேறி வருவதைப் பார்த்து, கறார் படிவத்தோடு போய் நின்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நர்ஸம்மா பையைக்கூட இறக்காமல் படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"அக்கா இருந்தவரைக்கும் வேணும்னா பக்கம் பக்கமா எழுதித் தருவேன் சார். இப்ப... நீங்க எப்ப வர்றீங்க, எப்ப போறீங்கன்னே தெரியாதே. சத்தமே கிடையாது. போன மழையில உங்க வீட்டு ஜன்னல் ரெண்டு நாள் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. வீட்டைப் பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். நான்தான் வாட்ச்மேன்கிட்ட சொல்லி படிக்கட்டுலேருந்து கம்பு விட்டுச் சாத்தச் சொன்னேன்."

"அன்னைக்கு உள்ளதாம்மா இருந்தேன்."

"உள்ளயா?"

"காய்ச்சல். எந்திரிக்க முடியலை. யாரோ சாத்துறாங்கன்னு தெரிஞ்சுது."

நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் நீங்க! எதிர்க்கதவுக்குப் பின்னால ஒரு நர்ஸு உக்காந்திருக்கேன். ஒரு தட்டு தட்டக் கூடாதா? ரெண்டு நாள் தனியா காய்ச்சல்ல கெடந்தீங்களா?"

"தட்டணும்னு தோணலைம்மா."

அது பொய் இல்லை. நிஜமாகவே தோன்றவில்லை. தோன்றாமல் போய்விட்டதே என்பதுதான் இப்போது அவரைச் சுட்டது. நர்ஸம்மா படிவத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். 'கண்டதை, கேட்டதை மட்டும் எழுதவும்'னு போட்டிருக்கு. பாக்காததைச் சார்ட்டுல எழுதினா எங்க வேலை போயிடும். ஒரு ஆள் உயிரோட இருக்கார்னு எழுதறதுக்குக்கூட நாங்க நாடி பாக்கணும். பதினஞ்சு நாள் இருக்குல்ல? வீட்டுல இருங்க. எனக்குத் தெரியற மாதிரி இருங்க. எழுதறேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் இந்தம்மா பேசியது கறாரின் சொந்தப் பேச்சு. தலையாட்டிவிட்டு வந்தார்.

'தெரியற மாதிரி இருங்க' என்றால் எப்படி இருப்பது? இது தெரியாத மனுஷனும் உலகத்தில் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. சனிக்கிழமை காலையில் தன் வீட்டுக் குளியலறை முன்னால், தோளில் துண்டோடு, பெண் பார்க்கப் போன வீட்டில் யாரும் உட்காரச் சொல்லாத மாப்பிள்ளை மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார். குழாய் இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் திருகினால் ஒரு இருமல், ஒரு ஏப்பம், அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர். தெளிந்து வர நேரமாயிற்று. சோப்புப் பெட்டியில் அந்தம்மாவின் சோப்பு வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்தது. மூன்று வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வாளி நிறையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து அழுதார். பிறகு குளித்தார்.

வீட்டுக் குளியல் வீட்டுக் குளியல்தான். ஆபீஸில் பின்னால் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். இங்கே தட்ட ஆளில்லை. தலையில் ஊற்றிய தண்ணீர் முதுகில் இறங்கும்போது, அட, இது இவ்வளவு நன்றாகவா இருக்கும் என்று இருந்தது. நிதானமாகத் துவட்டிக்கொண்டு, தன் துண்டைத் தானே பிழிந்து பால்கனிக் கொடியில் போட்டார். சாயங்காலம் வந்து எடுத்தால் வெயில் மொடமொடப்போடு இருந்தது. முகத்தில் ஒற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

அன்றைக்கு முட்டை பொரித்தார், கருகியது. மறுநாள் கொஞ்சம் குறைவாகக் கருகியது. மகள் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்மா." "மாத்திரை?" "போட்டாச்சும்மா." மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்தத் தடவை அவள் பேச்சை நிறுத்தினாள்.

"பின்னால என்னப்பா சத்தம்?"

"வாளி நிறையுது. திரைச்சீலை நனைக்கலாம்னு."

"போனை வெக்காதீங்கப்பா. கொஞ்சம் கேட்டுக்கறேன்" என்றாள். அப்பாவும் மகளும் பேசாமல் வாளி நிறைவதைக் கேட்டார்கள். அம்மா போன பிறகு அவளும் அத்தனை நாள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நோட்டீஸைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. ஆபீஸிலும்தான். ஒவ்வொரு நாளும் புதுப்பெண் தன் மேஜையைத் தாண்டிப் போகும்போது குனிந்துகொள்வார். இரண்டு கையெழுத்து கிடைக்கவில்லை என்றால், இணைப்பைத் துண்டிக்க வருகிறவன் இவரோடு தினம் கேன்டீனில் உட்காருகிறவன்தான். அவன் வந்து கதவைத் தட்ட, கறார் திறக்க வேண்டும். நினைத்தாலே கூசியது. தண்ணீர் நிற்பது பெரிதில்லை. 'எவரும் வசிக்கவில்லை' என்று அவர் எழுதிய வரி அப்படியே நின்றுவிடும். அதுதான் பயம்.

திரைச்சீலைதான் முதல் கையெழுத்தைக் கொண்டுவந்தது. பிழியத் தெரியாமல் சொட்டச் சொட்டப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டார். அது சாயம் போகிற நீலம். அரைமணி நேரத்தில் கதவு இடிபட்டது. இரண்டாம் மாடிக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாளெல்லாம் "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திப் பழகிய தொண்டை.

"யாருய்யா மேல? இது என்ன சட்டை பாருங்க! காலையிலதான் வெள்ளை வெளேர்னு காயப்போட்டேன். இப்ப பாருங்க, ஆகாசம் மாதிரி இருக்கு!"

"மன்னிச்சுக்கங்க சார். பிழிஞ்சது பத்தலை போல."

"நான் இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, மேல ஒரு தொந்தரவு கிடையாது. நிம்மதியா இருந்தேன். எப்ப குடிவந்தீங்க?"

"பத்தொன்பது வருஷம் ஆகுது சார்."

டிரைவிங் ஸ்கூல்காரர் திறந்த வாயை மூடவில்லை. கறார் சட்டென்று உள்ளே போய்ப் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார். கோபத்தில் இருக்கிறவரிடம் கையெழுத்துக் கேட்கிற புத்தி வேறு யாருக்கு வரும்! விஷயத்தைக் கேட்டதும் அவர், "எழுதணுமா? நான் கண்டதைத்தானே? குடுங்க இப்படி" என்று சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் தாளை வைத்து அழுத்தி அழுத்தி எழுதினார். 'மேலே நிச்சயமாக ஆள் இருக்கிறார். என் மூன்று வெள்ளைச் சட்டைகள் சாட்சி. பிழியத் தெரியாத ஆள்.' கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கப் போனவர், இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"சார், ரெண்டு முனையையும் ரெண்டு பேர் புடிச்சு எதிரும் புதிருமா முறுக்கணும். தனியா முடியாது. அடுத்த தடவை ஒரு குரல் குடுங்க."

சரி என்றார் கறார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தவில்லை.

இரண்டாவது கையெழுத்து இழுத்தடித்தது. நர்ஸம்மாவுக்கு அந்த வாரம் இரட்டை ஷிப்ட். கறார் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாலும் காலையில் இவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார், சாயங்காலம் இவர் வருகிற நேரம் அவர் ஆஸ்பத்திரியில். தட்டக் கை எழும், தூங்குகிறாரோ என்று இறங்கும். பதினோராவது நாள் பொறுக்க முடியாமல் படிவத்தை அவர் கதவுக்கு அடியில் செருகிவிட்டு வந்தார். பன்னிரண்டு போயிற்று. பதிமூன்றும் போயிற்று. என்ன பெரிதாகக் கண்டிருப்பார் இந்தம்மா? ஒரு துண்டு காய்கிறது, ஒரு முட்டை கருகுகிறது. இருக்கிறேன் என்று காட்ட ஒரு மனுஷனிடம் இவ்வளவுதானா இருக்கிறது என்று பதிமூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கு மனசு விட்டுப் போயிற்று. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார்.

பதினான்காம் நாள் காலையில் படிவம் அவர் கதவுக்கு அடியில் கிடந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். நர்ஸம்மாவின் கையெழுத்து, மருந்துச் சீட்டு மாதிரி இல்லாமல் குண்டு குண்டாக இருந்தது.

'தினமும் காலை ஆறே காலுக்குக் குளியலறையில் பாடுகிறார். குளியலறை ஜன்னல் வழியாக என் வீட்டில் நன்றாகக் கேட்கிறது. ஓடட்டும் ஓடட்டும் மீட்டரு என்ற பாட்டு. அக்கா பாடுவது. இவருக்கு ராகம் வரவில்லை. ஆனால் நேற்றுவரை ஒரு நாளும் விடவில்லை.'

கறார் அதை மறுபடி படித்தார். தான் பாடியது அவருக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து நாளாக அவர் வாய் அவரைக் கேட்காமலே பாடியிருக்கிறது. எந்தப் பாட்டைக் கேட்டுக் கதவுக்கு வெளியே நின்று கத்தினாரோ, அதே பாட்டை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு தடவை பாடிப் பார்த்தார். முதல் வரி வந்தது. 'ஓரமா நிக்கட்டும்' என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. "ஓரமாத்தான்டி நின்னேன்," என்றார். "உள்ள வந்து ஒரு நாளாவது சேர்ந்து பாடியிருக்கலாம்."

ஆபீஸுக்குப் போனதும் நேரே புதுப்பெண்ணின் மேஜைக்குப் போய்ப் படிவத்தை வைத்தார். எண்ணைப் பார்த்தாள், விலாசத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்... உங்க வீடா சார்? ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது சார்."

"தெரிஞ்சிருந்தாலும் நீ ஒட்டியிருக்கணும். சரியாத்தான் செஞ்சிருக்கே. பாரு, ரெண்டு கையெழுத்தும் இருக்கா?"

அவள் படித்தாள். வெள்ளைச் சட்டையைப் படித்தபோது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடுத்ததைப் படித்தபோது சிரிக்கவில்லை. ஒரு முத்திரையை எடுத்தவள், குத்தாமல் நிறுத்தினாள்.

"சார், ஒரு கட்டம் விட்டுப் போச்சு. வசிப்போர் எத்தனை பேருன்னு நீங்க நிரப்பணும். பழைய பதிவுல ரெண்டுன்னு இருக்கு. அப்படியே ரெண்டுன்னே வெச்சிடவா?"

முப்பது வருஷத்தில் கறார் எழுதிய பொய் அது ஒன்றுதான். எழுதினார் என்றுகூடச் சொல்ல முடியாது, மாற்றாமல் விட்டார். வீட்டில் ஒருவர் குறைந்தால் முப்பது நாளைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் அதட்டியிருக்கிறார். தன் வீட்டுக் கட்டத்தை மட்டும் மூன்று வருஷமாகத் தொடவில்லை. அந்த ஒரு தாளிலாவது இரண்டாக இருக்கட்டுமே என்று விட்டுவைத்திருந்தார்.

"குடும்மா பேனாவை" என்றார்.

குனிந்து, கட்டத்துக்கு வெளியே போகாமல், ஒன்று என்று எழுதினார். மை காய ஊதினார். அவள் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றிவிட்டு, திரையைப் பார்த்தபடி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அச்சச்சோ. ஒருத்தருக்கு ரெண்டு யூனிட் இருந்தாலே போதுமே சார். முன்னாடியே இதை மாத்தியிருந்தீங்கன்னா இந்த நோட்டீஸே வந்திருக்காது."

"ஆமாம்மா," என்றார் கறார். "யாரும் வந்து கேட்டிருக்கவே மாட்டாங்க."